இடது காது

– படிச்சுப் பாக்காம நான் எதுலயும் கையெழுத்துப் போடறதில்ல சார். அதான் உங்ககூட ஆறாவது மாடி வரைக்கும் வரேன்.

– ஒரே வரிதானே மேடம். "என் பணியில் நான் அறிந்த அனைத்தையும் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டேன்." பேசிக்கா ஒரு ஃபார்மாலிட்டி. இதுல படிக்க என்ன இருக்கு?

– "அனைத்தையும்"னு ஒரு வார்த்தை இருக்கு.

– பன்னெண்டு வருஷ ரெக்கார்டிங் எங்ககிட்ட இருக்கு மேடம். லிஃப்டுல மாட்டிக்கிட்டு அலாரம் அமுக்கினவங்ககூட நீங்க பேசினது மட்டும் பதினோராயிரம் கால். அத்தனையும் கேட்டுத்தான் மெஷின் கத்துக்கிச்சு. இதுக்கு மேல உங்ககிட்ட என்ன மிச்சம் இருக்கப் போகுது?

– கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

– திங்கக்கிழமைல இருந்து உங்க ரூம்ல நாலு சீட்டும் காலி. மத்த மூணு பேரும் போட்டுக் குடுத்தாச்சு. நீங்க ஒருத்தர்தான் முரண்டு... என்ன இது?

– நின்னுடுச்சு.

– அதெப்படி நிக்கும்? இது நம்ம கம்பெனியோட லிஃப்ட்.

– அது லிஃப்டுக்குத் தெரியலை போல.

– ஒரு லைட்டு வேற போயிடுச்சு.

– நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல நிக்கறோம். ஃபேன் ஓடுது, காத்து வருது, ஒண்ணும் ஆகாது. கதவுல சாயாதீங்க சார், இப்படி வாங்க.

– என் போன் மேல சார்ஜ்ல கிடக்கு. நீங்க யாருக்கு டைப் பண்றீங்க?

– தெரிஞ்ச ஆள் ஒருத்தருக்கு. கொஞ்சம் நேரமாகும்னு.

– சரி, வேற யாரையும் கூப்பிடாதீங்க. பேசிக்கா இதைவிட நல்ல டெமோ கிடைக்காது. இன்னைக்குக் காலைல ஒன்பது மணில இருந்து எல்லா அலாரமும் மெஷினுக்குத்தான் போகுது. உங்க காதாலயே கேளுங்க. மணியை அமுக்கறேன்.

– தொட்டு விட்டா வேலை செய்யாது. மூணு எண்ணற வரைக்கும் அமுக்கிப் பிடிங்க.

– வணக்கம். பயப்படாதீங்க, நான் லைன்லயேதான் இருக்கேன். உள்ள உங்ககூட யாரு இருக்காங்க?

– பாத்தீங்களா மேடம், ரெண்டு செகண்ட்ல மெஷின் எடுத்துடுச்சு. ஹலோ, நாங்க ரெண்டு பேர். தலைமை ஆபீஸ் லிஃப்ட்.

– ரெண்டு பேரா, நல்லதாப் போச்சு. பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கு. மெக்கானிக் கிளம்பிட்டார், தெருமுனைக்கு வந்துட்டார்.

– இப்ப என்ன சொல்றீங்க மேடம்?

– அது என் பேச்சு சார்.

– எது?

– எல்லாமே. "பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கு", அது என்னுது. "தெருமுனைக்கு வந்துட்டார்", அதுவும் என்னுது. குரல்தான் யாரோடதோ. பரவாயில்ல, நல்லாப் பேசுது. வேலைக்குச் சேர்ந்த புதுசுல எனக்கு இவ்வளவு நிதானம் கிடையாது. மாட்டினவங்களைவிட எனக்குத்தான் அதிகமா மூச்சு வாங்கும்.

– அப்ப உங்களுக்குப் பெருமையா இருக்கணுமே.

– இருக்கு சார். ஏன் இல்லாம? அந்த நாலு வார்த்தை கண்டுபிடிக்க எனக்கு நாலு வருஷம் ஆச்சு. அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம்னு சொன்னா உள்ள இருக்கறவங்க வாட்ச்சையே பாப்பாங்க. தெருமுனைன்னு சொன்னா மனசு தெருமுனைக்குப் போயிடும். மூச்சு தானா இறங்கும்.

– காலைல என்ன சாப்பிட்டீங்க?

– இதென்ன மேடம், மெஷின் விருந்தாளி மாதிரி விசாரிக்குது?

– அதுவும் நான் கேக்கறதுதான். பதில் சொல்லுங்க, பாவம் காத்துட்டிருக்கு.

– ஒண்ணும் சாப்பிடல. எட்டு மணிக்கே மீட்டிங்.

– ரொம்ப நல்லது. மெக்கானிக் தெருமுனைக்கு வந்துட்டார்.

– ரொம்ப நல்லதா? பட்டினி கிடக்கறது நல்லதா?

– சார், உங்களுக்கு சுகர் இருக்கா?

– இருக்கு. யார் சொன்னா?

– யாரும் சொல்லல. நெத்தி வேர்க்குது, ஃபேன் காத்து உங்க மேலதான் அடிக்குது. இந்தாங்க பிஸ்கட். கீழ உக்காந்து சாப்பிடுங்க.

– பேன்ட் அழுக்காகும்.

– அழுக்கு துவைச்சாப் போயிடும். உக்காருங்க.

– அது ஏன் மேடம் சாப்பிடலைன்னு சொன்னா "ரொம்ப நல்லது"ங்குது?

– நான் அப்படித்தான் சொல்லுவேன். "ஐயோ, சாப்பிடலையா"ன்னு கேட்டா உள்ள இருக்கறவங்களுக்குப் பாதி உயிர் போயிடும். அதனால "ரொம்ப நல்லது"ன்னு சாதாரணமாச் சொல்லிட்டு...

– சொல்லிட்டு?

– இன்னொண்ணு எடுத்துக்கோங்க சார். மெதுவா மென்னு முழுங்குங்க.

– மெக்கானிக் தெருமுனைக்கு வந்துட்டார்.

– இதோட மூணாவது தடவை. எந்தத் தெரு, எந்த முனை? ஹலோ, யாரை அனுப்பியிருக்கீங்க?

– உங்க பகுதி மெக்கானிக்குக்கு மூணு முறை தகவல் அனுப்பியாச்சு. பயப்படாதீங்க, நான் லைன்லயேதான் இருக்கேன்.

– மேடம், இன்னைக்கு இந்தப் பகுதி லிஸ்ட்ல யாரு?

– சுருட்டைமுடி.

– நல்ல ஆளாச்சே. ஏன் வரல?

– ஆஸ்பத்திரில இருக்கார். காலைல ஏழு மணிக்குப் பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. ரெண்டே முக்கால் கிலோ.

– சிஸ்டம்ல அவர் லீவே போடலையே.

– குழந்தை ஃபார்ம் நிரப்பிட்டா சார் பொறக்கும்?

– சரி, உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

– என் இடது காதுக்குத் தெரியும்.

– விளையாடாதீங்க மேடம். எனக்கு உள்ளங்கை எல்லாம் ஈரமாயிடுச்சு.

– விளையாடல. நம்ம ரூல் என்ன? மாட்டினவங்களை ஹோல்டுல போடக்கூடாது, லைனை விடக்கூடாது. சரி. அப்ப மெக்கானிக்கை யார் எழுப்பறது? வாட்ச்மேனை யார் கூப்பிடறது? கம்பெனி ஹெட்செட் வலது காதுல. என் சொந்த போன் இடது காதுல. ஹெட்செட் மைக்கை உள்ளங்கையால பொத்திக்கிட்டு, இந்தப் பக்கம் "டேய், மூணாவது தெரு ஆஸ்பத்திரி, கர்ப்பிணி, ஓடு"ன்னு சொல்லிட்டு, கையை எடுத்ததும் அந்தப் பக்கம் "மெக்கானிக் தெருமுனைக்கு வந்துட்டார்மா". நான் அப்படிச் சொல்லும்போது அவன் நிஜமாவே தெருமுனைல இருப்பான் சார். பன்னெண்டு வருஷத்துல நான் ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்ல.

– அந்தப் பட்டினி விஷயம்?

– வலது பக்கம் "ரொம்ப நல்லது". இடது பக்கம் வாட்ச்மேன்கிட்ட "கதவு திறந்ததும் கைல சர்க்கரைத் தண்ணி இருக்கணும்".

– ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். மைக்கைப் பொத்தினீங்கன்னா ரெக்கார்டிங்ல என்ன விழும்?

– ஒண்ணும் விழாது.

– அங்கங்க நாலு செகண்ட், ஆறு செகண்ட் வெறும் காலியா இருந்துச்சே. உங்க நாலு பேர் ரெக்கார்டிங்லயும் இருந்துச்சு. மைக் கோளாறுன்னு நினைச்சோம்.

– நினைச்சு என்ன பண்ணீங்க?

– வெட்டிட்டோம்.

– எல்லாத்தையுமா?

– ரெண்டு பேரை வச்சு ஒரு மாசம் உக்காந்து வெட்டினோம். பேசிக்கா... அது குப்பைன்னு நானே மெயில் போட்டேன்.

– அந்த வெட்டின இடத்துலதான் சார் நாங்க வேலை செஞ்சோம். மிச்சமெல்லாம் பேச்சு.

– காலைல என்ன சாப்பிட்டீங்க?

– இதை யாராவது வாயை மூடச் சொல்லுங்களேன்.

– அதைத் திட்டாதீங்க. நீங்க குடுத்த ஒரு காதை வச்சுக்கிட்டு அது என்ன பண்ணும், பாவம். கத்துக்கிட்டதை ஒரு எழுத்து பிசகாம சொல்லுது.

– மத்த மூணு பேரும் இதைச் சொல்லாமலே கையெழுத்துப் போட்டுட்டாங்களே.

– சின்னவளுக்குக் கல்யாணக் கடன். நடுவுல இருக்கறவளுக்கு ரெண்டு பிள்ளைங்க. கோடிச் சீட்டுக்காரிக்கு உங்களைப் பாத்தாலே நாக்கு ஒட்டிக்கும். "அனைத்தையும்"னு அச்சடிச்சுக் குடுத்துட்டு "போடு"ன்னா போடத்தான் செய்வாங்க. எனக்குத்தான் கை வரல. பொய்யை வாயால சொன்னதில்ல, பேனாவால மட்டும் எப்படிச் சொல்றது?

– ஆறு மாசமா உங்க ரூம்ல வந்து உக்காந்தேனே மேடம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

– முதல் நாள் எழுந்து நின்னு "சார், ஒரு விஷயம்"னேன். "எல்லாம் டேட்டால இருக்கு மேடம், உக்காருங்க"ன்னீங்க. உக்காந்துட்டேன்.

– சொன்னேனா?

– காபி கப்பை என் டேபிள்ல வச்சுட்டுச் சொன்னீங்க. வட்டம் இன்னும் இருக்கு.

– அந்தத் தாளைக் குடுங்க.

– எதுக்கு? நான் இன்னும் முடிவு சொல்லல.

– குடுங்க மேடம். பேனாவும். "அனைத்தையும்" அடிச்சாச்சு. "வலது காதால் பேசியதை மட்டும்"னு எழுதறேன். கீழ என் கையெழுத்து. மத்த மூணு தாளையும் மேல போனதும் கிழிச்சுடறேன். திங்கக்கிழமை நாலு சீட்டும் அங்கேயே இருக்கும். பெரியவங்ககிட்ட நான் பேசிக்கறேன்.

– பயத்துல எழுதறீங்களா சார்? அப்படின்னா வேண்டாம். கதவு திறந்ததும் மனசு மாறிடும். பயத்துல பேசற பதினோராயிரம் பேரைக் கேட்டவ நான்.

– பயம் இருக்கு. இல்லைன்னு சொல்லல. ஆனா பயந்து எழுதல. ஒரு மாசம் உக்காந்து வெட்டினது என் கை. அதுக்கு எழுதறேன்.

– மெஷினை என்ன பண்ணப் போறீங்க?

– நீங்க சொல்லுங்க.

– இருக்கட்டும். நாங்க நாலு பேரும் ஒரே நேரத்துல லைன்ல இருக்கும்போது அஞ்சாவது கால் வந்தா எடுக்க ஆள் இல்ல. அதை அது எடுக்கட்டும். எடுத்த கையோட எங்கள்ல ஒருத்தரோட இடது காதுல சொல்லணும். அதுக்கு இன்னும் நாலு வார்த்தை நானே சொல்லித் தரேன்.

– சரி. இப்ப ஒரே ஒரு கேள்வி மேடம். இந்த நிமிஷம் இங்க மாட்டியிருக்கோம். நம்ம மெஷினுக்கு ஒண்ணும் புரியல. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?

– இதைத்தான் சார் ஆறு மாசமா ஒருத்தரும் கேக்கல. தம்பி... நெட்டை, கதவைத் திறப்பா.

– மெக்கானிக் தெருமுனைக்கு வந்துட்டார்.

– இதோ திறக்கறேன்க்கா. வணக்கம் சார். பக்கத்து ஏரியா மெக்கானிக் நான். வந்து பத்து நிமிஷமாச்சு, சர்க்கரைத் தண்ணியோட வாட்ச்மேனும் நிக்கறார். "சார் கேக்கற வரைக்கும் கதவைத் தொடாதே"ன்னு அக்கா மெசேஜ் போட்டிருந்தாங்க.