தங்கமான பிள்ளை

தேன்ல தொட்டுக் கொடுத்தா எங்க அப்பா எந்த மாத்திரையையும் முழுங்கிடுவார் சார். ஒரு வேளைகூட நான் தவறவிட்டதில்லை. அக்கம்பக்கத்துல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

வீட்டுல நான் பெரியவன், தம்பி சின்னவன். அப்பாவுக்கு அவன்தான் உசுரு. நான் கடைக்குப் போக, பில் கட்ட, முதுகு தேய்க்கப் பொறந்தவன். தம்பி வெளியூர்ல இருந்துகிட்டு போன்ல பாசத்தைக் கொட்டுவான். போன்ல கொட்டினா தரையைத் துடைக்க வேண்டாம் பாருங்க.

அப்பாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பிச்சதும் ஒரு நல்லது நடந்துச்சு. குளிப்பாட்டிட்டிருந்தேன். திடீர்னு என் கன்னத்தைப் பிடிச்சு, "சின்னவனே, வந்துட்டியாடா என் தங்கம்"னார். தலை நரைச்சப்புறம் தங்கமானேன். திருத்தணும்னு தோணலை. பெரியவங்களை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அன்னிக்கு ரொம்ப நேரம் தண்ணி ஊத்திக்கிட்டே இருந்தேன்.

அப்புறம் டாக்டர் புது மாத்திரை எழுதினார். கெட்டிக்கார மனுஷன். கொஞ்ச நாள்லயே அவர் வச்ச ஞாபக டெஸ்ட்ல அப்பா கடிகாரம் வரைஞ்சு முள்ளைச் சரியா வச்சார். டாக்டர் சொன்ன வார்த்தைகளை வரிசை மாறாம திருப்பிச் சொன்னார். "பக்கத்துல இருக்கிறது யாரு?"ன்னு கேட்டார் டாக்டர். அப்பா என்னைப் பார்த்தார். முகம் அப்படியே விழுந்துடுச்சு.

"பெரியவன்"னார். "சின்னவன் வரலையா?"

டாக்டர் என் கையைப் பிடிச்சுக் குலுக்கினார். மருந்து பிரமாதமா வேலை செய்யுதாம். நானும் பல்லைக் காட்டினேன்.

திரும்பி வரும்போது அப்பா சொன்னார்: "தலைக்குள்ள மூட்டம் விலகின மாதிரி இருக்குடா. இதை மட்டும் நிறுத்திடாதே. மறுபடியும் அப்படி ஆயிடுவேனோன்னு பயமா இருக்கு."

"நிறுத்துவேனாப்பா?"ன்னேன்.

நிறுத்தலையே சார். காலையும் ராத்திரியும் கொடுத்தேன். டப்பாவுக்குள்ள மட்டும் சத்து மாத்திரை. அதே வெள்ளை, அதே சைஸ். உடம்புக்கு நல்லதுதானே.

சீக்கிரமே நான் மறுபடியும் தங்கம். இந்த நோய்ல மருந்து ஒரு கட்டத்துக்கு மேல பிடிக்காதுன்னு டாக்டர் எனக்கு ஆறுதல் சொன்னார். தம்பி லீவு போட்டுட்டு வந்து நின்னான். அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்து, "என்னடா பெரியவனே, வாசல் பல்பை மாத்தினியா?"ன்னார். பாவம், குலுங்கிக் குலுங்கி அழுதான். முதல் தடவை அப்படித்தான் இருக்கும். எனக்கெல்லாம் பழகிப்போச்சு. அவன்தான் வேற டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய், ரத்தத்துல அந்த மருந்தே இல்லைன்னு கண்டுபிடிச்சது. உடனே மருந்தைத் திரும்ப ஆரம்பிச்சாங்க. போன ஞாபகம் போனதுதானாம்.

ஆமா, மாத்தினது நான்தான். எழுதிக்குங்க. இப்ப அப்பாவுக்கு யாரையும் தெரியலை, பேச்சும் நின்னுபோச்சு. ஆனா நேத்துகூட ஆஸ்பத்திரியில நான் ஸ்பூனை நீட்டினதும் வாயைத் திறந்தார் சார். நர்ஸ் நீட்டினாலும் திறக்கிறார்தான். அது பசியில திறக்கிறது. பெத்தவருக்குத் தெரியாதா, எது தன் செல்லப்பிள்ளையோட கைன்னு?