சுத்தியல் மேல சுத்தியல்

...ஆணி அடிக்கணுமா, அத எடு. கூடாரத்துக்கு முளை அடிக்கணுமா, அத எடு. பூட்டுச் சாவி தொலஞ்சு போச்சா, அதாலயே நாலு போடு போடு. சொல்லிச் சொல்லி என் வாய் வலிச்சதுதான் மிச்சம்மா. அது பாறைச் சுத்தியல். பேருலயே பாறை இருக்கு. அப்பவும் எங்க முகாம் சமையல்காரன் அதால எலும்பு தட்டுறான். கேட்டா, கழுவிட்டுத்தான் சார் தட்டுறேங்கிறான். என்னமோ எனக்குச் சுத்தம் பத்தின கவல மாதிரி.

கொஞ்சம் இந்தப் பக்கம் நகந்து உக்காருங்கம்மா. இந்த பெஞ்சுக்கு ஒரு கால் குட்ட, ஒருத்தர் எந்திரிச்சா இன்னொருத்தர் சாஞ்சுருவோம். நீங்களும் கண்ணு வார்டுதானா? யாருக்கு, வீட்டுக்காரருக்கா? ம், சரி சரி, இங்க வர்ற எல்லாருக்கும் அதே கததான். டாக்டர் கெட்டிக்காரரு, பயப்படாதீங்க. எங்க ஆளும் உள்ளதான் கெடக்கான். ஜீப் டிரைவரு. நேத்து மத்தியானம் எடது கண்ணுல இரும்புத் துணுக்கு அடிச்சிருச்சு. எடுத்துட்டாங்க. பார்வ வருமா வராதான்னு கட்டப் பிரிச்சாத்தான் தெரியுமாம். ரெண்டு கண்ணையும் சேத்துக் கட்டியிருக்காங்க, ஒண்ணு அசஞ்சா இன்னொண்ணும் அசையும்னு. என்னம்மா, ஏதோ சொல்ல வந்தீங்க? இருங்க இருங்க, நான் இத முடிச்சுடறேன், இல்லன்னா விட்ட எடம் மறந்துரும்.

நான் நிலவியல்காரன். இருபத்தாறு வருஷமா மலை மலையாப் போயிப் பாறையத் தட்டிப் பாத்து, எது என்ன கல்லுன்னு எழுதி வெக்கிறதுதான் பொழப்பு. எங்க ஆபீசுல சுத்தியல் பாதுகாப்புக் கையேடுன்னு ஒண்ணு குடுப்பாங்க, பன்னெண்டு விதி. எழுதுனது யாருங்கிறீங்க? நாந்தான். இதோ, சட்டப் பையிலயே வெச்சிருக்கேன். அட்டையில என் படம் போடச் சொன்னேன், டைரக்டரு ஒத்துக்கல. அந்தாளு தன் படத்தப் போட்டுக்கிட்டாரு. அதுல பாருங்க, சுத்தியல எப்படிப் பிடிச்சிருக்காருன்னு. தலைகிட்டப் பிடிச்சிருக்காரு, பல்லு தேய்க்கிற பிரஷ் மாதிரி. கைப்பிடியோட கடைசியில பிடிக்கணும்மா. முழங்கையில இருந்து வீசணும். அடிய அதோட கனமே பாத்துக்கும், நாம வழி காட்டுனாப் போதும். அட்டையிலயே தப்பு, உள்ள இருக்குறத எவன் படிப்பான்?

எவனும் படிக்கல. அதான் என் வயித்தெரிச்சல். பாறையப் பாத்ததும் அது நடு வயித்துலயே ஓங்கிப் போடுறது. அது என்ன பண்ணும், எதிர்த்து ஒதைக்கும். மணிக்கட்டு வீங்கும். சாயங்காலம் தைலம் தேச்சுக்கிட்டு, இந்தக் கல்லு ரொம்பக் கெட்டி சார்னு எங்கிட்ட வந்து நிப்பானுங்க. கல்லு கெட்டி இல்லடா, நீ மட்டி. ஓரத்தப் பாரு, வெடிப்பு எங்க ஓடுதுன்னு பாரு, துருத்திக்கிட்டு நிக்கிற மூக்கப் பாரு, அங்க ஒண்ணு போடு, பொட்டுனு விழும். எங்ககிட்டப் புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கு, ஆராய்ச்சி பண்ணுது. அது பாறையச் சுத்திச் சுத்தி வரும், குனியும், தடவும், நாலு பக்கமும் ஆளு நிக்கிறாங்களான்னு பாக்கும், அப்பறம்தான் ஒரே தட்டு. கையளவு கல்லு, உள்பக்கம் பளிச்சுனு, வெயில் மழ படாத மொகத்தோட வந்துரும். பாக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அத அதுங்கிட்டச் சொல்ல முடியுமா, அப்பறம் தலையில ஏறி உக்காந்துக்கும்.

அந்தப் பொண்ணு பாதுகாப்புக் கண்ணாடி போடாமச் சுத்தியலத் தொடாது. நெத்தியிலயே மாட்டிக்கிட்டுத் திரியும். நீச்சலடிக்கக் கெளம்பிட்டியாம்மான்னு நான் தெனம் கேப்பேன், முகாமே சிரிக்கும். ஆமா, அஞ்சாம் விதி கண்ணாடிதான். ஆமா, நாந்தான் எழுதுனேன். எழுதுனவன் கொஞ்சம் கேலியும் பண்ணலாம்மா, அந்த உரிம கூட இல்லியா?

இதுவா? இந்தக் கட்டைவிரல் கட்டா? இது வேற. இது நாலாம் விதி. கல்லக் கையில வெச்சுக்கிட்டு அடிக்காத, தரையில வெச்சு அடி. நாலாம் விதிய எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துச்சு, எந்த மடையன் கையில வெச்சு அடிப்பான்னு. முந்தாநேத்து அவசரம்மா, மழை வர்ற மாதிரி இருந்துச்சு, குனிஞ்சா இடுப்பு பிடிக்குது. எடது உள்ளங்கையில வெச்சு ஒரு தட்டுத் தட்டுனேன். நகம் கறுத்துப் போச்சு. அத யாரும் பாக்கல, அதனால அது கணக்குல வராது. ஆனா அன்னிலேர்ந்து எடது கையால எதையும் இறுக்கிப் பிடிக்க முடியல. அதுலதான் எல்லாமே ஆரம்பம், யோசிச்சுப் பாத்தா.

நீங்க என்னம்மா ஃபிளாஸ்க்க அப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க, யாரும் எடுத்துட்டுப் போகமாட்டாங்க. ரொம்ப தூரத்துல இருந்தா வர்றீங்க? செருப்பெல்லாம் புழுதி. எங்க டிரைவரோட பொண்டாட்டியும் வருதாம், விடியக்காலையிலயே பஸ் ஏறிட்டதா ஆபீசுல சொன்னாங்க. அதுக்குத்தான் நான் இங்க முன்னாடியே வந்து உக்காந்திருக்கேன். அந்தப் பொம்பள வந்து ஒப்பாரி வெச்சு ஊரக் கூட்டுறதுக்குள்ள நான் ஒரு கையெழுத்து வாங்கியாகணும். இந்த ஃபைலப் பாத்தீங்களா? விபத்து அறிக்க. இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள மேல போகணும். அவனுக்குக் கண்ணு கட்டியிருக்கு, படிக்க முடியாது. எங்க போடணும்னு கையப் பிடிச்சுக் காட்டுனாப் போட்டுருவான். நல்ல பையன், நான் சொன்னா மறுபேச்சுப் பேசமாட்டான். படிச்சுக் காட்ட ஆளு வந்துட்டாத்தான் தொல்ல.

நேத்து என்ன ஆச்சுன்னா, ஏழாம் விதி. ஏழுதான் இந்தப் புத்தகத்துக்கே உசுரு. சுத்தியல் மேல சுத்தியல அடிக்காத. ஒரு சுத்தியலப் பாறையில வெச்சு, அது மண்டையில இன்னொரு சுத்தியலால போடாத. ஏன்? சுத்தியல் மொகம் சூடு பண்ணி இறுக்குன இரும்பு. பாறை விட்டுக்குடுக்கும். ஆனா இறுகுன இரும்பும் இறுகுன இரும்பும் மோதுனா எது விட்டுக்குடுக்கும்? எங்க வீட்டுல நானும் என் மச்சானும் மாதிரிதான், ரெண்டும் விட்டுக்குடுக்காது, நடுவுல நிக்கிறவனுக்குத்தான் அடி. ஓரத்துல இருந்து ஒரு துணுக்கு பிச்சுக்கிட்டுப் போகும், கண்ணு சிமிட்டக் கூட நேரம் இருக்காது. அதுக்குத்தான் உளின்னு ஒண்ண வெச்சிருக்கான். உளியோட தலை மெத்து இரும்பு, அடிச்சா நசுங்கும், அவ்வளவா தெறிக்காது. வெடிப்புல உளிய வெச்சு அடி, சுத்தியல வெக்காத. சின்னக் கொழந்தைக்குக் கூடப் புரியும்.

உளி ஜீப்புல இருந்துச்சும்மா. ஜீப்பு கீழ ரோட்டுல. எரநூறு அடி எறக்கம், அப்பறம் ஏத்தம், உச்சி வெயிலு. மேல நான், அவன், வேற யாரும் இல்ல. அந்தப் பொண்ண அடுத்த சரிவுக்கு அனுப்பிட்டேன், அது இருந்தா நொய் நொய்ங்கும். பாறையில ஒரு சிவப்புக் கல்லு பதிஞ்சு கெடந்துச்சு. படிகம். ஆறு பக்கமும் அறுத்து வெச்ச மாதிரி. வேலைக்கு ஒண்ணும் ஆகாது, வரைபடத்துக்கும் தேவையில்ல. எம்மேசையில வெக்கலாமேன்னு ஒரு ஆசை. டைரக்டர் மேசையில ஒண்ணு இருக்கும்மா, இதுல பாதி கூடக் கெடையாது, அத வெச்சுக்கிட்டு வர்றவன் போறவனுக்கெல்லாம் கத விடுவாரு.

இருங்க, காட்டுறேன். ஒரு கையால முடியல, இந்த ஃபைலக் கொஞ்சம் வெச்சுக்குங்க. இந்தக் கைக்குட்டையில இருக்கு பாருங்க. கையில வாங்கிப் பாருங்கம்மா, கடிக்காது. எப்படி இருக்கு? ஒரு மூலை கூட ஒடையல. அந்த அமளியிலயும் இத விடாம எடுத்துட்டு வந்தேன். அவன் மொகத்தப் பொத்திக்கிட்டு உக்காந்துட்டான், நான் என்ன பண்றது, கல்லு உருண்டு சரிவுல போகப் பாத்துச்சு. இத எட்டிப் பிடிச்சிட்டுத்தான் அவன்கிட்டப் போனேன். ஒரு நொடிதான். ரெண்டு நொடி.

என்னம்மா அப்படிப் பாக்குறீங்க? நான் ஒண்ணும் பொய் எழுதல. நீங்க படிச்சவங்க மாதிரித் தெரியுது, வேணும்னாப் பிரிச்சுப் பாருங்க. மூணாம் பக்கம். எழுத்துப் பிழ இருந்தாச் சொல்லுங்க, அதுக்கு டைரக்டரு உசுர வாங்குவாரு. ஒவ்வொரு வரியும் உண்ம. டிரைவர் பாதுகாப்புக் கண்ணாடி அணியவில்லைன்னு எழுதியிருக்கேனா? அணியல. என் கண்ணாடி கீறலாப் போச்சு, மங்கலாத் தெரிஞ்சுது, அவனோடத வாங்கி நான் போட்டுக்கிட்டேன். அது என் கணக்கு, அவன் அணியலங்கிறது அவன் கணக்கு. ஏன் அணியலன்னு படிவத்துல கேள்வியே இல்ல. சுத்தியலை உளியாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்னு எழுதியிருக்கேனா? ஆமா, வெடிப்புல வெச்சு ரெண்டு கையாலயும் அவன்தான் பிடிச்சிருந்தான். எங்கையாலதான் பிடிக்க முடியாதே, கட்டு போட்டிருக்கே. பிடின்னு யாரு சொன்னான்னு எழுத அதுல எடம் விடல. மேல இருந்து அடிச்சது யாருன்னும் கேக்கல. கேட்டிருந்தா எழுதியிருப்பேன். எழுதியிருப்பேன்னுதான் நெனக்கிறேன்.

உளி எடுத்துட்டு வரட்டுமா சார்னு அவன் கேட்டான், ரெண்டு தடவ. நீங்க எழுதுன புத்தகத்துல இருக்கே சார்னான். அங்கதான் எனக்குச் சுருக்குனு ஏறிருச்சு. ஒரு டிரைவரு, எம்புத்தகத்த எனக்கே படிச்சுக் காட்டுறான். மொத்த ஆபீசுலயும் அத முழுசாப் படிச்ச ஒரே ஆளு அவன்தான்னு நேத்து ராத்திரி தோணுச்சு. ஜீப்புல காத்துக் கெடக்கும்போது படிப்பானாம். புத்தகத்தப் படிச்சதுக்காகவாவது நான் அவன் பேச்சக் கேட்டிருக்கலாம். வாய மூடிக்கிட்டுப் பிடிடான்னு சொன்னேன், பிடிச்சான்.

அந்த மூணாம் பக்கத்துலயே ஏம்மா இவ்வளவு நேரம் நிக்கிறீங்க? அடியில இருக்கு பாருங்க, "டிரைவரின் கவனக்குறைவு". அத எழுதித்தான் ஆகணும். ஆபீசு தப்புன்னு எழுதுனா, கண்ணு போனாலும் அவனுக்கு உள்ளயே ஒரு நாற்காலி போட்டு வேல குடுக்கணும், அது சட்டம். அதோட விசாரணைன்னு வெச்சு என்னைக் கூப்புடுவாங்க. அடுத்த மாசம் பாதுகாப்புக் குழுவுக்கு என்னத் தலைவராப் போடறதாப் பேச்சு. தலைவரே ஏழாம் விதிய மீறுனாருன்னா நல்லாவா இருக்கும்? அவன் தப்புன்னா ஒரு சிக்கலும் இல்ல, வீட்டுக்கு அனுப்பிருவாங்க. ஒத்தக் கண்ணு ஆகிட்டா எப்படியும் வண்டி தரமாட்டாங்க. வயசு இருக்கு, எங்கயாவது பொழச்சுக்குவான். ரெண்டு பொண்ணுங்களாம், சின்னதுக்குப் பல்லு விழுந்துருக்குன்னு வண்டியில வரும்போது சொல்லிக்கிட்டே வந்தான். எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கும்மா. நேத்துத் தூங்கல. ஆனா தூங்கலன்னு சொல்லி யாருகிட்டக் கையெழுத்து வாங்குறது?

நீங்க ஏம்மா கண்ணத் தொடைக்கிறீங்க? ஃபேன் காத்துல தூசி போச்சா? கசக்காதீங்க, நல்ல தண்ணி விட்டுக் கழுவணும். பதினோராம் விதி.

அதோ நர்சு எட்டிப் பாக்குது. என்ன சிஸ்டர்? ஜீப் டிரைவரோட ஆளா? நாந்தான், ஆபீசுல இருந்து வந்திருக்கேன், ஒரு ரெண்டே நிமிஷம் உள்ள விட்டா... என்னைக் கூப்புடலியா? வீட்டுக்காரம்மாவா? அது இன்னும் வந்து சேரல சிஸ்டர். பஸ்ஸு எங்கயாவது நின்னிருக்கும். வர்றதுக்குள்ள நானே...

நீங்க ஏம்மா எந்திரிக்கிறீங்க? உங்கள இல்ல, அது எங்க டிரைவரோட... பாத்து, பெஞ்சு, ஐயோ. நாந்தான் விழுந்தேன். ஒண்ணுமில்ல.

கல்ல பெஞ்சு மேலயே வெச்சுட்டீங்க, சரி, அது இருக்கட்டும். ஃபைலக் குடுத்துட்டுப் போங்க. அம்மா, அது ஆபீஸ் ஃபைலு, வெளியாளுங்க கையில குடுக்கக் கூடாது. சிஸ்டர், அவங்க கையில இருக்குறது... சிஸ்டர், கதவச் சாத்தாதீங்க. அம்மா, நான் அவரத் தப்பா ஒண்ணும் சொல்லலிங்க, தங்கமான மனுஷங்க அவரு. கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. அந்த மூணாம் பக்கத்த நான் மாத்தி எழுதிடறேன், இப்பவே, இங்கயே உக்காந்து. அம்மா, கேக்குதுங்களா? அவருகிட்டப் படிச்சுக் காட்டிராதீங்கம்மா.