ஓலவ மலைக்குச் சொந்தக்காரர்

– கடிதாசில அந்தக் கிறிஸ்தவத்தை மட்டும் வெட்டிருங்க சேர். வைக்கிங் இருக்கட்டும், அவரு நல்லவரு.

– சர்மிளா, வைக்கிங் எண்டது ஒரு ஆளின்ரை பேரில்லை. நோர்வேப் பக்கத்துக் கடற்கொள்ளைக்காரர். கப்பலிலை வந்து தேவாலயங்களைக் கொள்ளையடிச்சுக் கொளுத்தினவங்கள். அவங்களைப் போய் நல்லவர் எண்டிறாய்.

– இங்க வந்து ஒண்ணும் கொளுத்தலையே சேர். ஹேவாஹெட்டயில அவுங்களுக்கு ஒரு ஓட்டுக்கூட இல்ல. கோயில் இல்ல, சங்கம் இல்ல, வந்து போர்டு நடுறதுக்கு ஆளும் இல்ல. எனக்கு அது போதும்.

– நான் படிப்பிச்ச காலத்திலையும் நீ இப்பிடித்தான். புள்ளி கிடைச்சாக் காணும், விளக்கம் தேவையில்லை.

– மழைக்கு முன்னாடி அத்திவாரம் போடணும் சேர். அந்த மலையில வீடு கட்டக் காணி குடுத்துட்டாங்க, குழியும் வெட்டிக் கெடக்கு. தோட்டத்து லயத்துல ஒத்தை ரூம் காம்பரா, அதுல அண்ணன் குடும்பம், தங்கச்சி, நான். அம்மா வெளிய இஸ்தோப்புத் திண்ணையில படுக்குது. இதுல விளக்கம் கேக்க எனக்கு எங்க நேரம்.

– அதுக்குத்தானே எழுதித் தாறன் எண்டு ஒத்துக்கொண்டனான். காணிக் கந்தோரிலை ஆபீசர்மார் என்ன கேட்டவை? ஒருக்காத் திரும்பச் சொல்லு.

– மலைக்கு ஏன் ஓலவ மலைன்னு பேரு வந்துச்சு, அது ஏதாவது சமயத்துக்கு உரிய எடமான்னு வரலாறு படிச்ச ஒருத்தர் எழுதிக் குடுக்கணுமாம். எந்தச் சமயத்துக்கும் இல்லைன்னா மறுநாளே கல்லு வைக்கலாம். இருந்துச்சுன்னா, தோண்டிப் பாக்கணும்னு வேலைய நிறுத்திருவாங்க. அப்புறம் அவுங்களும் தோண்ட மாட்டாங்க, நம்மளையும் தோண்ட விட மாட்டாங்க.

– இந்தக் கரைச்சலை ஆர் தொடக்கினது?

– எல்லாம் நம்ம ஆளுங்கதான். முருகன் அந்த மலையிலதான் எளப்பாறுனாருன்னு கோயில் கமிட்டித் தலைவர் மைக்குல சொன்னாரு. அது கீழ சிங்கள ஊருக்குக் கேட்டுப் போச்சு. அடுத்த வாரமே அவுங்க வந்து, எங்க பழைய ராசா அங்கதான் ஒளிஞ்சிருந்தாருன்னாங்க. அதுக்கப்புறம் யாரோ ஒருத்தர் இராவணன் விமானம் எறக்குன எடம்னு வீடியோ போட்டுட்டாரு. அது ஒரு சின்ன மலை சேர். உச்சியில போன் டவர் நடுறதுக்கே எடம் பத்தல. இவுங்க மூணு பேரும் எங்க நின்னாங்களோ தெரியல.

– நான் எழுதினதிலை அவை ஒருத்தரும் இல்லை. அந்தத் தோட்டத்தைத் திறந்த வெள்ளைக்காரத் துரை ஸ்கொட்லாந்துத் தீவொண்டிலை பிறந்தவன். அந்தத் தீவை முந்தி வைக்கிங்குகள்தான் ஆண்டவை. அங்கை ஓலவ் எண்ட ராசாவின்ரை பேரிலை ஒரு குன்று இருந்திருக்கலாம். ஊர் ஞாபகத்திலை துரை இங்கையும் அதே பேரை வச்சிருக்கலாம்.

– இருக்கலாம், வச்சிருக்கலாம்னா அந்தக் கந்தோர்ல எடுக்க மாட்டாங்க சேர். வச்சாருன்னே எழுதுங்க.

– ஏலாது. ஆதாரமில்லாமல் அப்பிடி எழுதேலாது.

– முருகன் எளப்பாறுனதுக்கு ஆதாரம் கேட்டாங்களா? சரி, விடுங்க. ராசா வைக்கிங்காவே இருக்கட்டும். கிறிஸ்தவம் எதுக்குங்க நடுவுல?

– ஏனெண்டால் அதே ஓலவ்தான் பிறகு ஞானஸ்நானம் எடுத்தவர். சண்டையிலை செத்தாப் பிறகு அவரைப் புனிதராக்கினவை. துரை பேர் வச்சது கொள்ளைக்காரனுக்கோ புனிதருக்கோ எண்டு எனக்குத் தெரியேல்லை. அப்ப ரெண்டையும்தான் எழுத வேணும்.

– புனிதர்னு ஒரு எழுத்து எழுதுனீங்கன்னா அந்தோனியார் கோயில்காரங்க ஞாயித்துக்கெழமை மெழுகுதிரியோட ஏறிருவாங்க. அதப் பாத்துட்டு ஜெபக்கூடத்துக்காரங்க கிட்டாரோட வருவாங்க. அவுங்க பேசித் தீக்குறதுக்குள்ள நான் கெழவியாயிருவேன் சேர்.

– நீ என்னை உண்மையை மறைக்கச் சொல்லுறாய்.

– பாதி உண்மையச் சொல்லுங்கங்கறேன். மத்தவங்க அந்தப் பாதியும் சொல்லலையே.

– பிள்ளை, வைக்கிங்கைப் பற்றிக் கண்டியிலை இருந்து இதுவரைக்கும் ஒருத்தரும் எழுதேல்லை. இது வெளியிலை தெரிஞ்சால் பேராதனைக் கம்பஸிலை நாலு பேர் வாசிப்பினம். அதிலை பாதியைக் காணேல்லை எண்டால் என்ரை பேர் என்னாகிறது?

– கோவிச்சுக்காதீங்க சேர். உங்களுக்குச் சொந்த வீடு இருக்கு. கதிரைக்கு ஒரு எடம், அலுமாரிக்கு ஒரு எடம், அந்தப் பூச்சட்டிக்குக்கூட ஒரு எடம் இருக்கு. எங்கப்பா அந்தக் காம்பராவுலதான் பொறந்தாரு, அதுலயேதான் செத்தாரு. பொணத்தை வெளிய எடுக்க வழியில்லாம கதவைக் கழட்டுனோம். எனக்கும் அப்படி ஆயிருமோன்னு பயமா இருக்கு. வேற ஒண்ணும் இல்ல.

– அழாதை. தேத்தண்ணியைக் குடி.

– அழலைங்க.

– சரி, தா அதை. புனிதரை எடுக்கிறன். இப்பிடிப் போடுறன், கேள். 'இப்பெயர் நோர்வே நாட்டு மன்னன் ஒருவனுடையதாக இருக்கலாம். இந்நாட்டுச் சமயங்கள் எவற்றுடனும் இதற்குத் தொடர்பில்லை.' இவ்வளவும் காணுமே?

– நல்லா இருக்கு சேர். கையெழுத்துப் போட்டுச் சீலும் குத்திருங்க.

– அடிக்குறிப்பிலை எண்டாலும் புனிதரை ஒரு வரி சேர்க்கட்டே? சின்ன எழுத்திலை?

– அவுங்க சின்ன எழுத்தத்தான் மொதல்ல படிப்பாங்க சேர். வேண்டாம்.

– இந்தா, பிடி. என்ரை சீவியத்திலை முதல் தரம் ஒரு புனிதரை ஒளிச்சு வச்சிருக்கிறன். உங்கடை ஆக்களுக்கு இது எவ்வளவு விளங்கும் எண்டுதான் தெரியேல்லை. போன ஞாயிறு மலை பாக்க வந்தபோது நான் சொன்னதை வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தவை.

– இப்ப லயத்துல வேற பேச்சே இல்ல சேர். ராசா கையில கோடாலி வச்சிருந்தாரு, சண்டையில வெட்டுப்பட்டுச் செத்தாரு, பொதைச்ச பின்னாடியும் நகமும் முடியும் வளர்ந்துச்சாம்னு பொம்பளைங்க கொழுந்து எடுக்குற எடத்துலயும் அதையேதான் பேசுறாங்க. எங்கம்மா ரெண்டு நாளா சரியாச் சாப்புடல. பாவம், வாலிப வயசுல போயிட்டாரேங்குது.

– பாத்தியே. ஒழுங்காகச் சொன்னால் சனம் வரலாறு கேக்கும். நான் எப்பவும் சொல்லுறனான்.

– இருங்க சேர், போன்ல அம்மாதான் கூப்பிடுது. சொல்லும்மா. கையெழுத்து வாங்கிட்டேன்... என்னது?... எந்தக் குழியில?... ஏன் ஒரு மாதிரிப் பேசுற?... யாரு?... சரிங்க. சரிங்க. வந்து பாக்குறேங்க.

– என்ன பிள்ளை, முகம் வெளிறிப் போச்சுது. ஆரும் வந்து மறிக்கினமோ? கீழ் ஊர்க்காரரோ, மெழுகுதிரிக்காரரோ?

– யாரும் வரல சேர். எங்க ஆளுங்கதான். இன்னைக்குக் கவ்வாத்து ஆரம்பம். தேயிலைய வெட்டுறதுக்கு முன்னாடி கத்தியெல்லாம் அடுக்கி, ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசிக் கும்புடுவோம், கவ்வாத்துச் சாமின்னு.

– தெரியும். வருசா வருசம் நடக்கிறதுதானே.

– இந்த வருசம் கத்தியோட ஒரு கோடாலியையும் வச்சுட்டாங்க. வெட்டுப்பட்டுச் செத்த ராசா, கவனிக்காம விட்டா கோவிச்சுக்குவாருன்னு பேசிக்கிட்டாங்களாம். மண்ணு ஏற்கெனவே தோண்டிக் கெடந்ததால கல்லை என் அத்திவாரக் குழியிலயே நட்டுட்டாங்க. கோழியும் அறுத்தாச்சாம்.

– விசர்க் கூத்து. அவர் நோர்வேக்காரன், இங்கை ஒருத்தருக்கும் உறவில்லாத ஆள். நீ இப்பவே போய் உன்ரை அம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்தக் கல்லைப் பிடுங்கி எறி.

– இப்ப போன்ல பேசுனது எங்கம்மா இல்லையாம் சேர், ஓலவசாமியாம். வீடு வேண்டாம், அந்தக் குழியில தனக்கொரு கோயில் கட்டுங்குறாரு.