சாச்சாவின் கழுத்துக் கயிறு

என் பெயர் நெல்லி தபுல்லிமா, வயது 47, கணவர் இல்லை. பெரு நாட்டு இக்கிதோஸ் நகரில் பெலென் சந்தைக்குப் பின்னால் குடியிருந்து, சோறும் கோழியும் இலையில் பொதிந்து கட்டி அவிக்கும் ஹுவானே விற்றுப் பிழைத்து வருகிறேன். லிமா விமான நிலையத்தில் செவ்வாய்க்கிழமை நான் கொடுத்த புகார் பொய். அதைத் திருத்த நானாகவே வந்து சொல்கிறேன்.

என் மகள் மிலேனா லிமாவில் நர்சிங் படிக்கிறாள். தனியாக இருக்க முடியவில்லை, சாச்சாவைக் கொண்டு வா என்று தினமும் போனில் அழுதாள். சாச்சா அவள் வளர்த்த நாய். எங்கள் ஊருக்கு வெளியூரிலிருந்து ரோடு கிடையாது, ஆகவே விமானத்தில் நானே கொண்டுபோக ஏற்பாடு செய்தேன். அதன் கழுத்தில் சிவப்பும் கருப்புமான வைரூரோ விதை கோத்த நைலான் கயிறு இருந்தது. கண்ணேறு படாமலிருக்க, மிலேனா கைக்குழந்தையாக இருக்கையில் நான் அவளுக்குக் கட்டிய விதைகள் அவை. படிக்கப் போகும்போது அவளே அவற்றைக் கோத்து நாய்க்குக் கட்டிவிட்டுப் போனாள்.

இக்கிதோஸ் விமான நிலையத்தில் சரக்குப் பகுதி ஊழியர் செகுந்தோ அவனாரி கூண்டைப் பார்த்துவிட்டு, "கயிறக் கழட்டுங்கக்கா, கம்பியில மாட்டுச்சுன்னா உசுருக்கே ஆபத்து" என்றார். "நாய் வளக்க எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். "ஏசுங்க, பரவால்ல. அது நல்லபடியாப் போய்ச் சேரணும்" என்று சிரித்தார். கழற்றினேன். கழுத்தில் ஒன்றுமில்லை என்று தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, கூண்டில் ஒட்டும் சீட்டை எடுக்கப் போனார். அதன் பிறகு, முதல் தடவை பறக்கிற பிள்ளை வெறுங்கழுத்தோடு போகிறதே என்று மனசு கேட்காமல், கம்பிக்குள் கையை விட்டு மறுபடி கட்டினேன். சாச்சா என் விரலை நக்கியது.

லிமாவில் கூண்டைத் திறந்தபோது கயிறு கதவுக் கம்பியில் முறுக்கி இறுகியிருந்தது. சாச்சாவுக்கு உயிர் இல்லை. மிலேனாதான் கயிற்றை வெட்டினாள். பாவி நான், கயிற்றைக் கழற்றும்படி யாரும் சொல்லவில்லை என்று அங்கேயே புகார் கொடுத்தேன். பார்க்காமலே பொய்யாக எழுதியதாகச் செகுந்தோவைப் போலீசார் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

அதன் பிறகு நேற்று காலை மிலேனா கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் போட்டது பூ முடிச்சும்மா. இது நீ ஹுவானேக்குப் போடுற முடிச்சு. அவரு கழட்டச் சொன்னாருல்ல?" என்று கேட்டாள். அதிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. என் முடிச்சு கொதிக்கிற தண்ணீரிலும் அவிழாது.

செகுந்தோ பொய் எழுதவில்லை. அவர் எழுதியபோது சாச்சாவின் கழுத்தில் ஒன்றும் இல்லை.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை, யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை.

(ஒப்பம்) நெல்லி தபுல்லிமா