நடுச்சுவரில் இரண்டு தட்டு

என் பெயர் அங்காளம்மாள். வயது சுமார் முப்பத்தைந்து. என் புருஷர் மருதாசலம் என்ஜின் ஷெட்டில் கலாசி வேலை பார்க்கிறார். சூரமங்கலம் ரயில்வே லைன் வீடுகளில் மூன்றாம் வரிசை பதினோராம் நம்பரில் ஒன்பது வருஷமாகக் குடியிருக்கிறோம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இறந்துபோன சௌந்திரமும் அவள் புருஷர், தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வெள்ளியங்கிரியும் பன்னிரண்டாம் நம்பரில் இரண்டு வருஷமாக இருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றே.

எங்கள் வரிசையில் எல்லா வீடும் ஒரே அளவு, ஒரே வாசல். பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரு குழாய். அது சௌந்திரம் வீட்டுச் சன்னலுக்கு நேரே இருக்கிறது. தண்ணீர் எந்நேரம் வரும் என்று நிச்சயமில்லை. கூப்பிட்டுக்கொள்வதற்கு நடுச்சுவரில் ஒரு சிறு ஓட்டை போட்டுத்தரும்படி போன வருஷம் கேட்டோம். பிளானில் இல்லாததற்கு ஒரு செங்கல்லையும் எடுக்க முடியாது என்று கட்டட மேஸ்திரி சொல்லிவிட்டார். அதன் பிறகு சுவரைத் தட்டிக்கொள்வது என்று ஏற்பாடு. தண்ணீர் வந்தால் சௌந்திரம் மூன்று தட்டுவாள். 'வாரேன்' என்பதற்கு நான் இரண்டு தட்டுவேன். பங்குனி மாதத்தில் ஒரு நாள் அவள் தண்ணீர் வராமலே தட்டினாள். நான் குடத்தோடு ஓடியதைச் சன்னலில் நின்று பார்த்து, "அக்கா ஓடற ஓட்டத்துக்கு மெயில் வண்டி தோத்துப் போகுமுங்க" என்று சிரித்தாள்.

இம்மாதம் ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை நான் வாசலில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். வெள்ளியங்கிரி கொடிகளை எடுத்துக்கொண்டு, கதவை வெறுமனே சாத்திவிட்டு வேலைக்குப் போனார். அதன் பிறகு ஷெட்டில் இரண்டு மணிச் சங்கு ஊதியது. நான் உள்ளே போனேன். அப்போது சௌந்திரம் அம்மியில் அரைக்கும் சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அது நின்று, குடம் உருண்ட சத்தம் கேட்டது. தண்ணீருக்குக் குடம் எடுக்கிறாள் என்று நினைத்தேன். அதன் பிறகு மூன்று தட்டு கேட்டது. நான் இரண்டு தட்டிவிட்டுக் குழாய்க்குப் போனேன். குழாய் காய்ந்து கிடந்தது. அவள் சன்னல் வெயிலுக்குச் சாத்தியிருந்தது. மறுபடியும் விளையாடுகிறாள் என்று எண்ணி, "ஏஞ் சாமி, வவுத்துப் புள்ளயோட உனக்கு இன்னும் வெளையாட்டுப் போகலயா?" என்று சன்னலைப் பார்த்துச் சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறாள் என்று நினைத்துத் திரும்பி வந்தேன்.

அதன் பிறகு மறுபடியும் தட்டினாள். இந்தத் தடவை மூன்று என்று கணக்கில்லை. விட்டுவிட்டுத் தட்டினாள். இரண்டாம் தடவை ஏமாறக்கூடாது என்று நான் எழுந்திருக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே இரண்டு தட்டினேன். அதன் பிறகு சத்தம் இல்லை.

நாலு மணிக்குத் தண்ணீர் வந்தது. சன்னல் சாத்தியே இருந்ததால் நான் உள்ளே போய் நடுச்சுவரில் மூன்று தட்டினேன். பதில் வரவில்லை. அதன் பிறகு போய்க் கதவைத் தள்ளினேன். தள்ளியதும் திறந்தது. சௌந்திரம் நடுச்சுவர் ஓரமாகக் கிடந்தாள். தலையில் காயம். அம்மி முனையிலும், அங்கிருந்து சுவர்வரை தரையிலும் ரத்தம் இருந்தது. அவளுக்கு எட்டாம் மாதம். நாங்கள் வழக்கமாகத் தட்டும் இடம் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. அன்று சுண்ணாம்பு உதிர்ந்திருந்த இடம் தரையிலிருந்து ஒரு சாண்.

நாமகிரிப்பேட்டையிலிருந்து வந்த அவள் அண்ணன் சின்னுசாமி, வெள்ளியங்கிரி அவளை அடித்துக் கொன்றுபோட்டுவிட்டு வேலைக்குப் போனதாகச் சொல்கிறார். நேற்று விசாரித்தபோது, தூங்கிவிட்டேன், ஒன்றும் கேட்கவில்லை என்று நான் சொன்னது பொய். அதை வைத்து வெள்ளியங்கிரியைப் போலீஸ் ஸ்டேஷனில் வைத்திருக்கிறார்கள் என்று இன்று காலை தெரிந்துகொண்டேன். அவர் வேலைக்குப் போய், சங்கு ஊதிய பிறகும் சௌந்திரம் அம்மி அரைத்தாள். அவர்களுக்குள் நான் சண்டை பார்த்ததில்லை.

நேற்று ஏன் மறைத்தாய் என்று கேட்கப்பட்டதற்கு நான் சொல்வதாவது: வெள்ளியங்கிரியும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். இரண்டு தட்டு என்றால் 'வாரேன்' என்று அர்த்தம், அது அவருக்கும் தெரியும். நான் இரண்டு தடவையும் தட்டினேன்.

நான் சொன்னபடியே எழுதி எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. நிஜம். கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை.

1938-ம் வருஷம் மே மாதம் 11-ந் தேதி, சூரமங்கலம்.
அங்காளம்மாள், இடது கைப் பெருவிரல் ரேகை.