இருபத்தேழாம் இதழின் மச்சம்

— இந்தச் சிவப்பு வட்டமெல்லாம் யார் போட்டதும்மா?

— எங்க வீட்டுக்காரருங்க.

— எல்லாப் புஸ்தகத்துலயுமா?

— நாப்பத்தோரு புத்தகத்துலயும் போட்டிருக்காருங்க. பையில பாருங்க, நம்பர் வாரியா அடுக்கிக் கொண்டாந்திருக்கேன்.

— பேஷ்! முழு செட்டும் வெச்சிருக்கிறவா தமிழ்நாட்டுல நாலஞ்சு பேர் இருந்தா ஜாஸ்தி. இந்த காமிக்ஸ் திருவிழாவுக்கு மெட்ராஸ்லேர்ந்து வந்தவாகிட்டகூட இருபதைத் தாண்டலை.

— அதாங்க, வாசல்ல ஒருத்தரு பையப் பாத்துட்டு, அப்படியே குடுத்துருங்கம்மான்னு பின்னாலயே வந்தாரு. விக்க வரலைன்னு சொல்லிட்டேன்.

— நல்லதா சொன்னேள். உட்காருங்கோ, நாற்காலியை இழுத்துக்கோங்கோ. காலைலேர்ந்து இந்தக் கல்யாண மண்டபத்துல பொம்மையாட்டம் உட்கார்ந்துண்டிருக்கேன். வரான், அட்டையைக் காட்டறான், கையெழுத்து வாங்கறான், செல்பி எடுத்துக்கறான், போறான். உள்ளே இந்தச் சௌரிராஜன் என்ன கிழிச்சிருக்கான்னு ஒருத்தன் பார்த்ததில்லை. உங்காத்துக்காரர்தான் முதல் ஆள். அந்தப் போனை மேஜைமேல வையுங்கோ, நன்னா விரிச்சுப் பார்ப்போம்.

— போன் கையிலயே இருக்கட்டுங்க. நீங்க விரிங்க.

— கதை வெளிநாட்டுது, படமும் வெளிநாட்டுது. அதுல பொம்மனாட்டிகள்லாம் கைக்குட்டை அகலத்துக்குத்தான் துணி கட்டிண்டிருப்பா. 'சௌரி, நம்ம வீட்டுப் பசங்க படிக்கிறது, ரவிக்கையைப் போட்டு விடு, மூஞ்சியையும் நம்மூர் மூஞ்சியா மாத்து'ம்பார் முதலாளி. வெள்ளை மையால அந்த மூஞ்சியை அழிச்சுட்டு மேலே நான் வரைவேன். என் பேர் எங்கேயும் வராது. எது அவன் கை, எது என் கைன்னு இவர் எப்படிம்மா கண்டுபிடிச்சார்?

— மச்சத்த வெச்சுத்தாங்க. இடது பக்கக் கழுத்துல மச்சம் இருக்கிற மூஞ்சியா பாத்துச் சுழிச்சிருக்காரு.

— பேஷ், பேஷ்! ரசிகன்னா இவர் ரசிகன். வட்டத்துக்குப் பக்கத்துல தேதி வேற போட்டிருக்காரே. இந்த இதழ் எண்பத்தெட்டுல வந்தது, தேதி தொண்ணூத்தி ரெண்டு ஜூன்னு இருக்கு. படிச்ச தேதியா?

— அத அப்புறம் சொல்றேங்க. முதல்ல நான் ஒண்ணு கேக்கணும். அந்த மூஞ்சி யாரோடதுங்க?

— அதைத்தான் ஊரே கேட்கறது. யூடியூப்ல என் பேட்டியைப் பார்க்கலையா?

— பாத்தோம். அவரு ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவ பாக்கறாரு. இருந்தாலும் உங்க வாயால நேர்ல கேக்கணும்.

— சொல்றேன். கீழச் சித்திரை வீதில எங்க அச்சாபீஸ், நான் மாடில. எதிர்ல ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். சாயந்தரம் அஞ்சு மணி பேட்ச்ல, ஜன்னலோரத்து மிஷின்ல ஒரு பொண்ணு. ரிப்பன் மாத்தறச்சே நிமிர்ந்து பார்ப்பா. நானும் பார்ப்பேன். ஒரு வார்த்தை பேசினது கிடையாது. ஆனா அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பார்வையைத்தான் நாப்பத்தோரு இதழ்லயும்...

— அந்த மிஷின்ல லோயர் படிச்சது நாந்தாங்க.

— என்ன?

— மண்ணச்சநல்லூர்லேர்ந்து பஸ் ஏறி வருவேன். அஞ்சு மணி பேட்ச்சு. ஜன்னலோரத்து மிஷினு. இந்தா, கழுத்தப் பாருங்க.

— பெருமாளே!

— அவ்வளவு பாத்தேன்னீங்களே. இவ்வளவு நேரமா எதிர்ல உக்காந்திருக்கேன், அடையாளம் தெரியலையா?

— வயசாயிடுத்தும்மா... கண்ணுல புரை வேற...

— மாடியில ஒரு ஆளு இருந்தாருன்னே எனக்குத் தெரியாதுங்க. எஸ்-க்கும் டி-க்கும் விரல் மாத்தி வெச்சா ஸ்கேல்ல ஒண்ணு போடுவாரு எங்க சாரு. நான் எங்க நிமிர்ந்து பாத்தேன்?

— கோச்சுக்காதீங்கோ. அதுல என்ன தப்பு வந்துடுத்து? இப்போ உங்காத்துக்காரருக்குக்கூட பெருமையாத்தானே...

— பெருமையாத்தான் ஆரம்பிச்சாரு. பொண்ணு பாக்க வந்தப்பவே சிரிச்சாரு. நான் புத்தகத்துல பாத்த மூஞ்சின்னு. கல்யாணமான புதுசுல திருவெறும்பூர் குவார்ட்டர்ஸ்ல வீடு வீடா கொண்டுபோயி, என் பொண்டாட்டி காமிக்ஸ்ல வந்திருக்கான்னு காட்டினாரு. ஒரு நாளு கடைசிப் பக்கத்துல அச்சாபீஸ் விலாசத்தப் படிச்சாரு. கீழச் சித்திரை வீதி. என் டைப்ரைட்டிங் சர்ட்டிபிகேட்டுலயும் அதே வீதி. அன்னிக்கு சாயங்காலம் சிவப்புப் பேனா வாங்கிட்டு வந்தாரு.

— ஐயோ.

— அந்தத் தேதியெல்லாம் சண்டை போட்ட தேதிங்க. எந்தப் படத்தக் காட்டிக் கேட்டாரோ அந்தப் படத்துக்குப் பக்கத்துல எழுதுவாரு. நீங்க காட்டினீங்களே, தொண்ணூத்தி ரெண்டு ஜூன், அது எங்க பொண்ணு பொறந்த மறுநாளு. ஆஸ்பத்திரிக்கே புத்தகத்தக் கொண்டாந்து, இவ மூக்கு யாரு மூக்குன்னு கேட்டாரு. மீதி புத்தகத்தப் பழைய கடை பழைய கடையாத் தேடி வாங்கினதும் அதுக்குத்தான். சேத்து வெக்கலைங்க அவரு. கேஸுக்கு சாட்சி தேடினாரு.

— நீங்க சொல்லலையா, அப்படி ஒண்ணும் இல்லேன்னு?

— முப்பத்துநாலு வருஷமா சொல்றேன். போன தை மாசம் வலது பக்கம் கையும் காலும் விழுந்துருச்சு. படுத்த படுக்கை. வாய் மட்டும் நல்லா இருக்குங்க. சரி, கை வரலை, இனி சிவப்புப் பேனாவத் தொட மாட்டாருன்னு நினைச்சேன். போன மாசம் உங்க பேட்டி வந்துச்சு. 'அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்'னு அந்த எடம் வர்றப்ப நிறுத்துவாரு. திருப்பிப் போடுவாரு. நான் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கிட்டே கேக்கணும்.

— அம்மா... அது பொய்ம்மா.

— எது பொய்?

— எல்லாமே. என் ஜன்னல் தெருவுக்கே திறக்காது, ஆணியடிச்சு மூடியிருந்தது. ட்யூப் லைட் வெளிச்சத்துலதான் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தேன். தறிச்சத்தம் மாதிரி டைப் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். பேட்டி எடுத்த பையன், 'சார், உங்க வாழ்க்கையில காதல் கீதல் உண்டா'ன்னான். என்னை யாரும் எதுவும் கேட்டதே இல்லையேம்மா. வாய்ல வந்ததைச் சொல்லிட்டேன்.

— அப்ப அந்த மூஞ்சி?

— கம்பி மத்தாப்புப் பெட்டிமேல ஒட்டியிருந்த பொம்மை. பட்டர் பேப்பரை வெச்சு அதையே நகலெடுத்து எல்லா இதழ்லயும் ஒட்டினேன்.

— மச்சம்?

— மச்சமே இல்லை அது. இருபத்தேழாம் இதழ்ல நிப்பு கக்கிடுத்து. ஒரு சொட்டு மை கழுத்துல விழுந்தது. மறுபடி வரைய நேரமில்லை, அப்படியே அச்சுக்குப் போயிடுத்து. 'மச்சம் எங்கே'ன்னு அடுத்த மாசம் வாசகர் கடிதம் வரும்னு முதலாளி பயந்தார். அதுலேர்ந்து ஒவ்வொண்ணுலயும் நானே ஒரு புள்ளி வெச்சேன். ஏன், உங்காத்துக்காரர் வட்டத்தையே பாருங்கோ. இருபத்தாறு வரைக்கும் வட்டமே இருக்காது.

— இருக்குங்க. மச்சமில்லாததையும் சுழிச்சுட்டு, மச்சத்த வெள்ளை மை வெச்சு அழிச்சிருக்கான்னு பக்கத்துல எழுதியிருக்காரு.

— பெருமாளே!

— இத எழுதிக் குடுங்க. இருபத்தேழாம் நம்பர்லயே எழுதிக் கையெழுத்துப் போடுங்க.

— சௌரிராஜன் சார், நாலு மணிக்கு மேடைங்க! ஷீல்டு வந்துருச்சு. அந்த டைப்ரைட்டிங் பொண்ணு கதைய மறக்காம சொல்லிருங்க, பசங்கல்லாம் அந்த மூஞ்சி போட்ட டி-ஷர்ட்டோட காத்துக்கிட்டு இருக்கானுங்க.

— வரேன் பிரவீன்ராஜ், நீ போ... அம்மா, பார்த்தேளா? எழுபத்திரண்டு வயசுல இன்னிக்குத்தான் என்னை ஓவியர்ங்கறா. மத்தாப்புப் பெட்டியைப் பார்த்துக் காப்பியடிச்சேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா, அதை எவனாவது போட்டோ எடுத்துப் போட்டா, நான் என்ன ஆவேன்?

— நான் என்ன ஆனேன்னு கேக்கலையே நீங்க.

— மேடை முடியட்டும். நாளைக்கு ஆத்துக்கு வாங்கோ, சத்தியமா எழுதித் தரேன்.

— மேடையில மறுபடி அந்தக் கதையச் சொல்லிட்டு, நாளைக்கு வேற எழுதுவீங்களா? அதையும் அவரு போன்ல பாப்பாரு. ஐயா, நான் உங்களத் திட்ட வரலை. மன்னிப்பும் கேக்க வேணாம். அந்த ஆளு இன்னும் எத்தனை நாளோ. கண்ண மூடறதுக்குள்ள ஒரே ஒரு தடவ என்னய நம்பணும். அவ்வளவுதாங்க. எழுதுங்க.

— சரி, அந்த இருபத்தேழை எடுங்கோ.

— இந்தாங்க. எழுதுங்க. எழுதினதச் சத்தமாப் படிங்க.

— 'இந்த முகம் கம்பி மத்தாப்புப் பெட்டியிலிருந்து நான் நகலெடுத்தது. கழுத்தில் இருப்பது மச்சமல்ல, தவறி விழுந்த மை. எந்தப் பெண்ணையும் பார்த்து நான் வரையவில்லை. பேட்டியில் சொன்னது பொய். திருமதி...' உங்க பேர்?

— விஜயராணி.

— '...திருமதி விஜயராணியை இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். ச. சௌரிராஜன்.' போதுமாம்மா?

— போதுங்க. நல்லா இருங்க... என்னங்க, கேக்குதா? போன் வெக்கலை, நான் உள்ள நுழைஞ்சதுலேர்ந்து லைன்லதான் இருக்கு. அவரு வாயாலயே சொல்லிட்டாருங்க. முழுசும் கேட்டுச்சா?

— யாரும்மா, அவரா? இத்தனை நேரமும் கேட்டுண்டிருந்தாரா?

— சும்மா இருங்கய்யா, அவரு பேசட்டும். என்னங்க... சொல்லுங்களேன்.

— கேட்டுச்சு ராணி, ஒண்ணு விடாம கேட்டுச்சு. நல்லாத்தான் இருக்கு. இவ்வளவையும் எப்ப ஒத்திகை பாத்தீங்க, ரெண்டு பேரும்?