சும்மா கிடந்த பெயர்

எங்கள் வீட்டில் ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை வந்ததே இல்லை, மேடம். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே "புடிச்சாச்சு" என்று சொல்லிவிட வேண்டும். சொன்னவளுக்கு அது. பக்கத்துத் தெருவில் "நான்தான் மொத" என்பார்கள், பள்ளியில் "தொட்டாச்சு" என்பார்கள். சொல் எதுவானாலும் சட்டம் ஒன்றுதான். கடைசி மிட்டாய்க்குக்கூட நானும் தங்கையும் அதை மீறியதில்லை.

ஒன்பது வயதில் நான் ஒரு பெயரைப் பிடித்தேன். எனக்குப் பிறக்கப்போகும் பெண்ணுக்கு. தங்கை யோசித்துப் பார்த்து, "சரி, உனக்குத்தான்" என்றாள்.

பள்ளி அலுவலகத்தில் வருகைப் பதிவேடு எழுதுவது என் வேலை. பத்தொன்பது வருடங்களில் அந்தப் பெயர் ஒருமுறைகூட என் பேனாவுக்கு வந்ததில்லை. அதில் எனக்கு ஒரு நிம்மதி.

மணமாகிப் பதினோரு வருடம் எனக்குப் பிள்ளை இல்லை. தங்கைக்குப் பெண் பிறந்தது. என் கையெழுத்து அழகு என்று பிறப்புப் படிவத்தை என்னிடமே நிரப்பக் கொடுத்தாள். பெயரைச் சொன்னாள். நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"சும்மா கிடக்குற பேருதானேக்கா."

எழுதினேன். பிழையில்லாமல்தான்.

நான்கு வருடம் அந்தக் குழந்தையைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. குட்டி, கண்ணு, பட்டு. அம்மாவைவிட என்னிடம்தான் ஒட்டிக்கொள்வாள்.

இந்த வருடம் நான் உண்டானேன். பெண்தான், எனக்குத் தெரியும். கீழ்வீட்டில் இருக்கும் தங்கையிடம் போய், பள்ளியில் சேர்க்கும் முன் பிள்ளையின் பெயரை மாற்றிவிடச் சொன்னேன். தங்கை கணவர் சிரித்தார். "பஸ் சீட்டா இது, துண்டு போட்டு வைக்க?"

அவர் சிரிக்கலாம், வெளியிலிருந்து வந்தவர். தங்கையும் சிரித்தாள். "வேற பேரு பாத்துக்கோக்கா. பேருக்கா பஞ்சம்?"

அவளுக்குச் சட்டம் தெரியும், இன்ஸ்பெக்டர் மேடம்.

மொட்டை மாடியில் ஓர் அறை கட்டுவதற்காக ஒரு பக்கத்துக் கைப்பிடிச் சுவரை இடித்திருந்தார்கள். பிள்ளை போய்விடாதபடி கதவுக்கு எப்போதும் மேல்தாழ்ப்பாள்தான். ஞாயிறு மதியம் அதை நான் திறந்தேன். காய்ந்த போர்வைகளை எடுக்க வேண்டியிருந்தது. மடிக்க இரண்டு பேர் வேண்டுமே, குழந்தையைக் கூட்டிக்கொண்டேன். ஒரு முனை என்னிடம், மறுமுனை அவளிடம்.

"பின்னாடி போ கண்ணு."

போனாள். "போதுமா பெரியம்மா?"

"இன்னும் கொஞ்சம்."

சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. சுருக்கம் போக நன்றாக இழுக்கச் சொன்னேன். உதட்டைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். என் முனையை விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை அந்தப் பெயரையே சொல்லிச் சொல்லி அலறினாள். என் தங்கைதானே, நான்தான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அவள் காதோடு மெதுவாகத்தான் சொன்னேன்: "அந்தப் பேரச் சொல்லிக் கத்தாதடி. வயித்துல இருக்கறவ தன்னத்தான் கூப்பிடுறாங்கன்னு பயந்துக்குவா."